புள்ளி வைக்காத இடம்

என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் பின்னிணைப்பில் 43ஆவது பாட்டு என் அம்மா பாடியது. 2011இல் ஆச்சி இறந்த அன்று, சிவகிரியில் தாய்மாமன் வீட்டு வாசலில் பாடினாள். பாட்டின் அடியில் 'தகவலாளி: பெண், வயது 58, சிவகிரி, திருநெல்வேலி மாவட்டம்' என்று மட்டும் இருக்கும். பெற்ற தாயே ஆனாலும் ஆய்வேட்டில் அவள் தகவலாளிதான். அந்த மாவட்டமும் இப்போது அது இல்லை. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது சிவகிரி அதனோடு சேர்ந்துவிட்டது. அம்மா 2021இல் போய்விட்டாள்.

போன ஆனி மாதம், என்னிடம் ஆய்வு செய்யும் மாணவி அந்தப் பின்னிணைப்பைப் படித்துவிட்டு வந்தாள்.

“மேடம், தாள்ல படிச்சா எல்லா ஒப்பாரியும் ஒரே மாதிரி இருக்கு. எங்க இழுக்காங்க, எங்க மூச்சு வாங்குறாங்கன்னு தெரியல. ரெக்கார்டிங் இருக்கா?”

இருக்கிறது என்றேன். உறுதியாகத்தான் சொன்னேன். பழைய கைப்பேசிகளின் மெமரி கார்டுகள் பழுதாகத் தொடங்கியபோது, தம்பிதான் எல்லாவற்றையும் இணையச் சேமிப்பில் ஏற்றி எனக்கு இணைப்பை அனுப்பியிருந்தான். அனுப்பி ஏழெட்டு வருடம் இருக்கும். நான் ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை. பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்பே போதுமானதாக இருந்தது. சாவு வீட்டுக் குரலைத் திரும்பக் கேட்கத் துணிவு வரவில்லை என்பதும் உண்மை.

அன்று ராத்திரி வீட்டுப் பழைய மேசைக் கணினியில் மூன்று கோப்புகளை இறக்கினேன். முதலாவது, பக்கத்து ஊர் ஒன்றில் பெண்கள் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்து பாடிய வீடியோ. இரண்டாவது, 'ரெக்கார்டு 17' என்ற ஓர் ஒலிக்கோப்பு. என்ன என்றே நினைவில்லை. மூன்றாவது, அம்மா பாடிய வீடியோ. தம்பி தன் கைப்பேசியில் எடுத்தது.

மூன்றும் பாடவில்லை. முதலாவது திறக்கவே இல்லை. இரண்டாவது, இந்தக் கோப்பை இயக்க முடியாது என்றது. மூன்றாவதில் அம்மா வந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடக்க, ஆச்சியின் கால்மாட்டில் உட்கார்ந்து, வாய் திறந்து மூடியது. சத்தம் இல்லை.

மறுநாள் பென்டிரைவில் போட்டு ஒரு கணினிக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைப்பையன் இரண்டு முறை சொடுக்கினான்.

“கரப்ட் ஆயிருக்கு மேடம். அழிச்சிட்டு வேற டவுன்லோடு பண்ணிக்கோங்க.”

சினிமாப் பாட்டு என்று நினைத்துவிட்டான் போல. இது வேறு எங்கும் கிடைக்காது என்றேன். அவன் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தான். “சார் வரலையா மேடம்? சார் வந்தா வெளக்கமா சொல்லிருவேன்” என்றான்.

சாருக்கு டிவி ரிமோட்டில் பேட்டரி மாற்றுவதற்கே மகள் வேண்டும். ஆனாலும் விளக்கம் சாருக்குத்தான். பென்டிரைவைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

வரும் வழியெல்லாம் கோபம் அவன்மேல் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் என்மேல் திரும்பியது. இத்தனை வருடம் எதையாவது சொருகவோ மாற்றவோ வேண்டியிருந்தால் நானும் யாராவது ஓர் ஆணைத்தானே கூப்பிட்டேன்? கல்லூரியில் புரொஜெக்டர் வேலை செய்யாவிட்டால் “தம்பி, இதைக் கொஞ்சம் பாருப்பா” என்று கடைசி பெஞ்சுப் பையனைத்தான் கூப்பிடுவேன். முன் பெஞ்சில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

அம்மா அப்படி இல்லை. அவளிடம் ஒரு தையல் மிஷின் இருந்தது. ஜாக்கெட் தைத்துத்தான் எங்கள் இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடத்துப் பணம் கட்டினாள். தையல் விட்டுவிட்டுப் போனால் மெக்கானிக்கைத் தேட மாட்டாள். “மிஷினைத் திட்டாதளா. ஊசியில இருந்து பாரு” என்பாள். முதலில் ஊசி வளைந்திருக்கிறதா, சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு மேல்நூல், பிறகு பாபின், பிறகு பெல்ட். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு துண்டுத் துணியில் நாலு தையல் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவாள். வாடிக்கையாளரின் துணியில் ஒருநாளும் சோதிக்க மாட்டாள். இதை யாரும் தொழில்நுட்ப அறிவு என்று சொன்னதில்லை. அம்மாவும் சொல்லிக்கொண்டதில்லை.

ஊசியில் இருந்தே தொடங்கினேன். மூன்று கோப்புகளையும் நகல் எடுத்து வேறொரு ஃபோல்டரில் வைத்தேன். இனிச் செய்வதெல்லாம் நகலில்தான். மூலத்தில் கை வைப்பதில்லை.

முதல் கோப்பின் அளவைப் பார்த்தேன். இணையச் சேமிப்பில் 61 எம்பி என்று இருந்தது. என் கணினியில் 38 தான். ஆனியிலும் ஆடியிலும் எங்கள் ஊரில் காற்றுக்கு மின்சாரம் நிற்பதில்லை. இறங்கிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போயிருக்கிறது. பாதியில் நின்ற கோப்பின் பெயருக்குப் பின்னால் உலாவி 'சிஆர்டவுன்லோடு' என்று ஒரு வால் ஒட்டி வைத்திருந்தது. முடியவில்லை என்பதற்கான அடையாளம் அது. நான் அது என்னவென்று தெரியாமல் வாலை நீக்கி, '3ஜிபி' என்று பெயர் மாற்றியிருந்தேன். பெயரை மாற்றினால் மீதி 23 எம்பி வந்துவிடுமா?

ஒரு சந்தேகம் இருந்தது. பாதிப் புத்தகம் கையில் இருந்தால் பாதியையாவது படிக்கலாமே, கோப்பு ஏன் ஒரு விநாடிகூட ஓடவில்லை? தேடிப் படித்தபோது புரிந்தது. கைப்பேசி வீடியோ எடுக்கும்போது படத்தையும் ஒலியையும் துண்டு துண்டாக எழுதிக்கொண்டே போகிறது. எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற பட்டியலைப் பதிவை நிறுத்திய பிறகுதான் எழுதுகிறது. அதனால் பட்டியல் பெரும்பாலும் கோப்பின் கடைசியில் இருக்கும். பொருளடக்கத்தைக் கடைசித் தாளில் அச்சிட்ட புத்தகம் மாதிரி. அந்தத் தாள் வராவிட்டால், கையில் 38 எம்பி இருந்தும் இயக்கிக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாது.

காற்று அடங்கிய விடியற்காலையில் மறுபடி இறக்கினேன். 61 எம்பியும் வந்தது. படம் ஓடியது; ஒலி வரவில்லை. ஆனால் இந்த முறை இயக்கி சும்மா இருக்கவில்லை. ஒரு பெட்டி திறந்து, 'எஸ்ஏஎம்ஆர்' என்ற நான்கு எழுத்தைக் காட்டி, இந்த ஒலி வடிவம் எனக்குத் தெரியாது என்றது.

நான் வைத்திருந்தது விஎல்சி. ஆரஞ்சும் வெள்ளையுமாகச் சாலைக் கூம்புப் படம் போட்டிருக்குமே, அதுதான். பிரான்சில் எக்கோல் சென்ட்ரால் பாரி என்ற கல்லூரி மாணவர்கள் 1996இல் தொடங்கியது. 2001 முதல் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய கட்டற்ற மென்பொருள். என்னிடம் இருந்தது பல வருடத்துக்கு முந்தைய பதிப்பு. அந்த நான்கு எழுத்து ஏஎம்ஆர் என்ற ஒலி வடிவத்தைக் குறிக்கிறது.

இதில் ஒன்றைப் புரிந்துகொண்டேன். 3ஜிபி, எம்பி4 என்று பெயரின் கடைசியில் நாம் பார்ப்பது வெறும் பாத்திரம். உள்ளே படம் ஒரு முறையிலும் ஒலி ஒரு முறையிலும் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். சுருக்குவதற்கும் விரிப்பதற்குமான அந்த முறைதான் கோடெக். ஒரே மாதிரிப் பாத்திரம் என்பதால் உள்ளே ஒரே குழம்பு இருக்க வேண்டியதில்லை. பாத்திரத்தைத் திறக்கத் தெரிந்த இயக்கிக்கு உள்ளே இருக்கும் ஒலியை விரிக்கத் தெரியாமல் போகலாம். விஎல்சியின் சொந்தத் தளத்திலிருந்து புதிய பதிப்பை நிறுவினேன். பத்து நிமிட வேலை. பக்கத்து ஊர்ப் பெண்கள் பாடினார்கள்.

பாடினார்கள் என்றா சொல்ல வேண்டும்? கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல வந்தது. ஏஎம்ஆர், கைப்பேசியில் பேசுவதற்காக 1999இல் தரமாக்கப்பட்ட முறை. ஒலியை 20 மில்லிவிநாடித் துண்டுகளாக வெட்டி, ஒரு மனிதத் தொண்டையும் வாயும் இதை எப்படி எழுப்பியிருக்கும் என்று கணக்குப் போட்டு, அந்தக் கணக்கை மட்டும் சேமிக்கிறது. ஏறக்குறைய 3400 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலி அதற்கு வேண்டாதது. ஓர் ஆள் பேசுவதற்கு இது போதும். பத்துப் பெண்கள் ஒரே நேரத்தில் மாரடித்து அழும்போது அதற்கு எந்த வாய் என்று தெரிவதில்லை. எல்லாம் குழைந்து ஒரு முனகலாகிவிடுகிறது. கூடி அழுவதைக் கணக்கில் வைத்து யாரும் அதைச் செய்யவில்லை. ஆனால் 2011இல் எங்கள் கையில் இருந்த கருவி அதுதான்.

இரண்டாவது கோப்புக்கு வந்தேன். பெயரின் கடைசியில் எம்பி3 என்று இருந்தது. அளவு 1 எம்பிக்குச் சற்று மேல். நான் ஏட்டுச்சுவடி படித்தவள். தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட முதல் ஓலை என்ன சொல்கிறது என்று பார்க்கத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கோப்பின் நகலை நோட்பேடில் இழுத்துப் போட்டேன். கட்டமும் கோடும் கிறுக்கலுமாகப் பக்கம் பக்கமாக வந்தது. அதன் முதல் வரியில் மட்டும், படிக்கக்கூடிய எழுத்தில், ஒரு சதுரக்குறி, ஒரு ஆச்சரியக்குறி, பிறகு 'ஏஎம்ஆர்'. பெரும்பாலான வகைக் கோப்புகள் தம் முதல் எழுத்துகளில் தாம் யார் என்று சொல்லிவிடுகின்றன. வெளியில் யாரோ எம்பி3 என்று பெயர் சூட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். பெயரை ஏஎம்ஆர் என்று திருத்தினேன், ஓடியது. 11 நிமிடம். சாதாரணத் தரத்தில் எம்பி3யாக இருந்தால் 11 நிமிடத்துக்கு 10 எம்பி இருந்திருக்கும். அளவைப் பார்த்தே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஓடியதே தவிர, ஒன்றும் இல்லை. நாற்காலி இழுக்கும் சத்தம், யாரோ டீ கேட்பது, கொட்டுக்காரர்களுக்கு எவ்வளவு என்ற பேச்சு. இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு மூடிவிட்டேன்.

மூன்றாவதுதான் எனக்கு வேண்டியது. இரண்டு நோய்க்கு மருந்து கண்டுபிடித்த தெம்பில் உட்கார்ந்தேன். ஒலி அளவைப் பார்த்தேன். ஒலி எந்த ஸ்பீக்கருக்குப் போகிறது என்று பார்த்தேன். மகளின் புளூடூத் ஹெட்செட்டோடு இணைந்திருந்தால் இங்கே கேட்காது. அதுவும் இல்லை. முதல் வீடியோ இதே ஸ்பீக்கரில் கேட்கிறது. அளவை ஒப்பிட்டேன், முழுமையாகத்தான் இறங்கியிருக்கிறது. புதிய பதிப்பு விஎல்சி. எந்தப் பெட்டியும் திறக்கவில்லை, எந்த எழுத்தையும் காட்டி முறையிடவில்லை. படம் மட்டும் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

அங்கேதான் எனக்கு உறைத்தது. தெரியாத ஒலி என்றால் இயக்கி புகார் சொல்லும். முதல் வீடியோவில் சொன்னதே. இது ஏன் சொல்லவில்லை?

விஎல்சியில் கண்ட்ரோலையும் ஜே எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் கோப்பின் உள்ளே என்னென்ன ஓடைகள் இருக்கின்றன என்ற பட்டியல் வரும். முதல் வீடியோவுக்கு இரண்டு இருந்தன: ஒன்று படம், ஒன்று ஒலி. அம்மாவின் வீடியோவுக்கு ஒன்றுதான். படம். ஒலி கெட்டுப்போகவில்லை, அடைபடவில்லை, இயக்கிக்குத் தெரியாத மொழியிலும் இல்லை. அந்த ஓடையே இல்லை. இயக்கியைப் பொறுத்தவரை இந்தக் கோப்பில் ஒரு குறையும் கிடையாது. இல்லாத ஒன்றைப் பற்றி அது எப்படிப் புகார் சொல்லும்?

பெயரை மறுபடி பார்த்தேன். தம்பியின் அன்றைய கைப்பேசி எடுத்த மற்ற வீடியோக்கள் எல்லாம் 3ஜிபி. இது மட்டும் எம்பி4. வேறு ஒரு கையில் போய்த் திரும்பி வந்திருக்கிறது. படியெடுத்தவன் கை தெரிகிறது என்று சுவடி படிக்கிறவர்கள் சொல்வோம்.

தம்பிக்குப் போன் போட்டேன். வீடியோவில் சத்தம் இல்லையே என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“யக்கா, அதை நான்தான் எடுத்துட்டேன்.”

“எதுக்குல?”

“அம்மை அதுல வயலைப் பத்திப் பாடியிருக்கால்லா? மாமா கேட்டா சங்கடப்படுவாருன்னுதான். ஆச்சிக்கு வருசாந்திரம் வந்தப்ப எல்லாருக்கும் அனுப்பணும்னு... படம் மட்டும் இருக்கட்டும்னு பாத்தேன். பழசு எங்க போச்சுன்னு தெரியலக்கா.”

தம்பி கட்டியிருப்பது மாமா மகளை. அவன் நிலைமை எனக்குத் தெரியாததல்ல.

வயல் கதை சின்னதுதான். குளத்துக்குக் கீழே தாத்தா தன் உழைப்பில் வாங்கிய நன்செய். உயில் எழுதாமல் இறந்தார். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே அப்படிப்பட்ட சொத்தில் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அம்மாவுக்கு அது தெரியுமா என்று தெரியாது. மாமா கூட்டிக்கொண்டு போன இடத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஒரு பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்தார்கள். பொங்கல் சீர் தவறாது என்றார்கள். அண்ணன் தம்பி உறவு வேண்டும் என்று நினைக்கிற பெண்கள் இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். அதைப் பற்றி வாய் திறந்து பேசி நான் கேட்டதில்லை. ஆச்சி செத்த அன்று, ஊர் முழுக்கக் கூடியிருந்த வாசலில், பாட்டாகச் சொன்னாள். ஒப்பாரியில் சொன்னதற்கு யாரும் பதில் கேட்க முடியாது. அதனால்தான் நம் பெண்கள் சொல்ல வேண்டியதையெல்லாம் அதற்காகச் சேர்த்து வைத்தார்கள்.

தம்பியிடம் சத்தம் போட்டேன். அம்மாவின் குரலை எடுக்க நீ யார் என்று கேட்டேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. கடைசியில் மெதுவாகச் சொன்னான்:

“பாட்டுதான் ஒன் புஸ்தகத்துல இருக்கேக்கா. அதுல பாத்துக்கிடலாம்லா?”

ஆய்வேட்டை எடுத்தேன். 43ஆவது பாட்டு. ஐந்தாவது கண்ணி, ஆச்சி பிரசவம் பார்த்த கதை. அடுத்த கண்ணி, பாடையைத் தூக்கும் நேரம். நடுவில் வயல் இல்லை.

என் கைதான் அது. வாய்மொழித் தேர்வுக்கு மாமா குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார். வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நெறியாளர் எதுவும் சொல்லவில்லை, யாரும் மிரட்டவில்லை. தட்டச்சுக்குக் கொடுப்பதற்கு முந்தின ராத்திரி நானே ஒரு கண்ணியை விட்டேன். ஒலிப்பதிவு இருக்கிறதே, போகட்டும் என்று நினைத்தது நினைவிருக்கிறது. நான் ஒலியை நம்பி எழுத்தை எடுத்தேன். தம்பி எழுத்தை நம்பி ஒலியை எடுத்தான்.

புறநானூற்றில் 267, 268 இரண்டு பாடல்களும் கிடைக்கவில்லை என்று வருடந்தோறும் வகுப்பில் சொல்கிறேன். இன்னும் பல பாடல்களில் அடிகள் சிதைந்திருக்கின்றன. உ.வே.சாமிநாதையர் 1894இல் முதன்முதலாகப் பதிப்பித்த நூல். சிதைந்த அடி வரும் இடத்தில் நம் பதிப்புகளில் புள்ளி வரிசை இருக்கும். இங்கே ஒன்று இருந்தது, இப்போது இல்லை என்று படிக்கிறவளிடம் சொல்லும் நேர்மை அது என்று மாணவிகளிடம் விளக்குவேன். என் ஆய்வேட்டின் 43ஆவது பாட்டில் ஒரு புள்ளிகூட இல்லை. ஐந்துக்குப் பிறகு ஆறு என்று கண்ணிகளுக்கு அழகாக எண் போட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் அன்றைக்குக் கேட்டேன், இதைப் புத்தகத்தில் போடவா என்று. “ஊரு கேக்கத்தானளா பாடுனேன், போடு” என்றாள். பைண்டு செய்து வந்த ஆய்வேட்டைக் கையில் கொடுத்தபோது அந்தப் பக்கத்தை எடுத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. பிறகு மூடினாள். “எழுத்து நல்லா விழுந்திருக்கு” என்றாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று தூங்கவில்லை. நடுராத்திரியில் அந்த இரண்டாவது கோப்பு நினைவுக்கு வந்தது. நாற்காலிச் சத்தம், டீ, கொட்டுக்காரர். அது எந்தச் சாவு? எழுந்து மறுபடி போட்டேன். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு நிமிடத்தில் நிறுத்தாமல் கேட்டேன். நாலாவது நிமிடத்தில் யாரோ என் பெயரைச் சொல்லித் தண்ணீர் கேட்டார்கள். ஆச்சி செத்த வீடுதான். அன்று என் கைப்பேசியைப் பதிவில் போட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு ஆட்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போயிருக்கிறேன்.

ஏழாவது நிமிடத்தில் அம்மா தொடங்கினாள். தூரத்தில் இருந்து, அந்தத் தொலைபேசிக் குரலில். பிரசவக் கண்ணி முடிந்தது. அடுத்தது எடுத்தாள். முதல் வரி கேட்டது. இரண்டாவது வரி கேட்டது. மூன்றாவது தொடங்கும்போது ஓர் ஆண் குரல், “அதை நிப்பாட்டச் சொல்லுங்க.” அதற்கு மேலே ஒரு கிழவியின் குரல்: “ஏல, பெத்தவளுக்கு அவ பாடுதா. நீ அந்தால போ.” உடனே சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து அழ ஆரம்பித்தார்கள். அம்மாவுக்குத் தெம்பு கொடுக்கத்தான் அழுதார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் ஒற்றை வாய்க்காகச் செய்த அந்தக் கணக்கு அங்கே குழம்பிவிட்டது. மூன்றாவது வரி முழுக்க முனகல். நான்காவதில் கடைசி இரண்டு சொல் மட்டும் தெளிகிறது. வேகத்தைக் குறைத்தும், முன்னும் பின்னும் ஓட்டியும் பார்த்துவிட்டேன். சுருக்கும்போது தூக்கி எறிந்ததை விரிக்கும்போது எந்த மென்பொருளும் திருப்பித் தராது.

கிடைத்த இரண்டு வரியில் அவள் ஆச்சியைக் கேட்கிறாள்: நீ இருந்தவரை இந்த வாசலில் எனக்கு நிற்க இடம் இருந்தது, எனக்கென்று இருந்த மண்ணையும் என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன், இனி யார் வீட்டு வாசல் என்று வந்து நிற்பேன்?

இந்த ஒரு வாரத்தில் கற்றதை, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய பதிவு இருக்கும் என்பதால் சொல்லி வைக்கிறேன். பாடவில்லை என்றதும் அழிக்காதீர்கள். நகல் எடுங்கள். முழுதாக இறங்கியிருக்கிறதா என்று அளவை ஒப்பிடுங்கள். பெயரின் வாலை நம்பாமல் முதல் எழுத்துகளைப் பாருங்கள். இயக்கியைப் புதுப்பியுங்கள், ஆனால் கோடெக் மூட்டை என்று கண்ட தளங்களில் கிடைப்பதை நிறுவாதீர்கள், அதோடு வைரசும் வரும். இணையத்தில் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்கிற தளங்களில் அம்மாவின் அழுகையை ஏற்றாதீர்கள். அது யாருடைய கணினியில் போய்த் தங்கும் என்று நமக்குத் தெரியாது. ஸ்பீக்கரைப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் இல்லை என்றால், உள்ளே ஒலி ஓடை இருக்கிறதா என்று பாருங்கள். கெட்டுப்போனது வேறு, எடுக்கப்பட்டது வேறு. கெட்டுப்போனதற்குக் கடைக்காரர் போதும். எடுக்கப்பட்டதற்கு வீட்டுக்குள்தான் கேட்க வேண்டும், என்னைப் போலத் தன்னிடமும்.

மூன்று கோப்புகளையும் இரண்டு வன்தட்டுகளில் நகலெடுத்து வைத்தேன். ஒவ்வொன்றோடும் ஒரு குறிப்பு. அம்மாவின் வீடியோவுக்கு, 'ஒலி பின்னாளில் குடும்பத்தாரால் நீக்கப்பட்டது' என்று எழுதினேன். “என் பேரப் போட்டுறாதக்கா” என்றான் தம்பி. போடவில்லை. ஆய்வேட்டுக்கான குறிப்பில் என் பெயரைப் போட்டேன்.

மாணவி வந்தாள். ஹெட்செட்டைக் கொடுத்தேன். கண்ணை மூடி 11 நிமிடமும் கேட்டாள். பிறகு என் ஆய்வேட்டுப் பிரதியை விரித்து, கேட்டதோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தவள், ஐந்தாவது கண்ணிக்குக் கீழே நின்றாள். அங்கே முந்தின நாள் பென்சிலால் இரண்டு வரி எழுதி, அதன் கீழே ஒரு வரி முழுக்கப் புள்ளி, அடுத்ததில் முக்கால் வரி புள்ளியும் இரண்டு சொல்லும் வைத்திருந்தேன்.

“இந்த எடம் செதஞ்சு போச்சா மேடம்?”

“இல்ல” என்றேன். “நான் விட்டது.”